பொட்டுக்கு அடியில் மங்காத வட்டம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். சாமி விஷயம். தினமும் திருநீறு பூசி விளக்கேற்றுகிறவன் நான். அம்மனுக்கு எதிராகப் பேசினான் என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம்.

பதுளைக் கடைவீதியில் ஒரு படக்கடையில் படம் அச்சிட்டுக் கழுவுவது என் வேலை. நமுனுகுலைப் பக்கத் தோட்டத்துக் கங்காணி ஒருவர், மகளுக்குக் கல்யாணமான கையோடு அவளைக் கூட்டிவந்து படம் பிடித்துப் போனார். மறு வருஷமே அந்தப் பெண் காய்ச்சலில் போய்விட்டாள். படம் பதிந்த கண்ணாடித் தகட்டை அதற்குள் நாங்கள் சுரண்டி வேறு வேலைக்கு எடுத்துவிட்டோம். தாய்க்கு மிஞ்சியது சுவரில் மாட்டிய அந்த ஒரு படம்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் படத்துக் கண்ணாடியில், மகளின் நெற்றிக்கு நேரே, சந்தனமும் குங்குமமும் வைப்பாள். பழையதைத் துடைக்க மனம் வராது. ஒரு பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோதுதான் துடைத்தாள். முகமெல்லாம் மஞ்சளடித்து மங்கியிருக்க, பொட்டு இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் வட்டமாக நின்றது. மாரியம்மன் வந்து தொட்டிருக்கிறாள் என்று வரிசை வீடுகளில் இருந்த லயத்து ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். எல்லாரும் கும்பிடட்டும் என்று படத்தை வாசலில் மாட்டினார்கள், நல்ல வெயிலில்.

கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். இப்படியே விட்டால் முகமே இருக்காது. வெயில்தான் படத்தை மங்கவைக்கிறது, பொட்டு மறைத்த இடம் தப்பியிருக்கிறது என்று சொன்னேன். கங்காணி சிரித்தார்.

“நீ சரியாக் கழுவலய்யா, அதான் மங்கிருச்சு. ஆத்தா தொட்ட எடம் மட்டும் நிக்குது. வெயிலு மேல ஏன்யா பழியப் போடுற?”

கடையில் அந்தப் பெண்ணின் படத்துக்கு எடுத்த அதே கட்டுத் தாளில் அச்சிட்ட, வேண்டாத படம் ஒன்று கிடந்தது. அதன் மேல் கண்ணாடி வைத்து, குங்குமம் குழைத்து ஒரு பொட்டு இட்டு, தகரக் கூரையில் வைத்தேன். எவ்வளவு வெயில் பட்டது என்று தெரிய வேண்டுமே. பதுளையில் நாள் கணக்கு உதவாது. காலையில் சுள்ளென்று அடிக்கும், மத்தியானம் மூடிக்கொள்ளும். ஆகவே, வெயிலில் கறுக்கும் அச்சுத்தாளில் ஒரு துண்டைப் பக்கத்தில் வைப்பேன். அட்டையில் நான் தீட்டி வைத்திருந்த பழுப்புக்கு அது வந்ததும் டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போட்டுவிட்டு, புதுத் துண்டு வைப்பேன். படம் முதலில் தொங்கிய சுவரில் ஒரு துண்டு கறுக்க எத்தனை பகல் ஆகிறது என்று முன்பே பார்த்து வந்திருந்ததால், கொட்டைகளை வைத்து அது அந்தச் சுவரில் எத்தனை மாத வெளிச்சம் என்று சொல்லிவிடலாம்.

ஏணி ஏறி இறங்கி முழங்கால் விட்டுப்போயிற்று. தூறல் விழுந்தால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பக்கத்துத் துணிக்கடை பாய், “என்ன அண்ணே, அப்பளம் இன்னும் காயலியா?” என்று தினமும் கேட்பார். ஒரு கட்டத்தில் பதில் சொல்லவும் அலுத்துவிட்டது. முருகா என்று ஏறுவேன், முருகா என்று இறங்குவேன்.

ஆடிக்காற்று தொடங்கியபோது படம் சுவரில் தொங்கிய மாதங்களுக்கு ஈடான கொட்டைகள் சேர்ந்துவிட்டன. பொட்டைத் துடைத்தேன். அதே வட்டம்.

அதை எடுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தேன். அந்தத் தாய் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப ஆத்தா வரலீங்களா?”

“அது எனக்குத் தெரியாதுங்கம்மா. இந்தப் பொட்டு நான் வச்சது. அதுதான் தெரியும்.”

அவள் படத்தைக் கழற்றி, மகளின் கூறைச் சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

“சாமியப் பெட்டில போட்டுப் பூட்டுறியாடி?” என்று கங்காணி கத்தினார்.

“சாமி எங்க இருந்தாலும் இருக்கும். எம்புள்ள மூஞ்சி இது ஒண்ணுதான்.”

நான் அம்மனை விரட்டிவிட்டேன் என்கிறார்கள் சிலர். அம்மனே இல்லையென்று காட்டிவிட்டேன் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் என் வாயில் வராத பேச்சு. பொட்டு வெயிலை மறைத்தது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது மட்டும் அந்தத் தாய் பெட்டியைத் திறக்கிறாள். கண்ணும் மூக்கும் இன்னும் தெரிகின்றன. இதை யாருக்காவது சொல்வதானால் தயவுசெய்து கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இருக்கிறபடியே சொல்லுங்கள்.