பழைய ஃபிளாஷும் பதினோரு நாளும்

என் மருமகளின் கேமராவைக் கெடுத்தது நான்தான். அதை அவளிடம் சொல்ல எனக்குப் பதினோரு நாள் பிடித்தது. அந்தப் பதினோரு நாளும் அவள் மழையைத் திட்டினாள். தூறலில் கேமராவை வெளியே எடுத்த தன்னையும் திட்டிக்கொண்டாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தியவன் நான். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் உத்திரமேரூர்ப் பக்கத்திலேயே கழிந்தன. மின்தேக்கிதான் எனக்குப் பிடித்த பாடம். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி அதில் கை வைக்காதீர்கள், சேர்த்து வைத்ததை அது உடனே விட்டுவிடாது என்று வருஷம் தவறாமல் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னவன் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேத்தி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் மருமகளுக்குப் பகலில் நேரம் கிடைத்தது. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் படமெடுக்கக் கற்றுக்கொண்டாள். தையல் வேலையில் சேர்த்த பணத்தில் ஒரு பழைய டிஜிட்டல் கேமரா வாங்கினாள். முதலில் ரோட்டில் காயும் நெல், ஏரி மதகு என்று எடுத்தாள். பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் விசேஷங்களுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்றால் உள்ளறையில் புடவை மாற்றும்போதும் நலங்கு வைக்கும்போதும் ஆண் போட்டோகிராபர் நிற்பது பெண்களுக்குக் கூச்சம். அந்த இடம் இவளுக்குக் கிடைத்தது. மானாமதிப் பக்கம் ஒரு வீட்டு மஞ்சள் நீராட்டுக்கு முழு விசேஷத்தையும் எடுக்கச் சொன்னார்கள். அவளுடைய முதல் முழு ஆர்டர் அதுதான்.

அதற்குத் தனி ஃபிளாஷ் வேண்டும் என்றாள். கேமராவின் தலையிலிருந்து எழும்பும் சின்ன ஃபிளாஷ் அவளுக்குப் பிடிக்கவில்லை. "மூஞ்சிக்கு மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி பண்ணிடுது மாமா. பின்னாடி சுவத்துல நிழலைக் கறுப்பா ஒட்டி வெச்சிடுது" என்றாள். குறைந்த விலையில் இரண்டு ஃபிளாஷ்களைப் பார்த்து வைத்திருந்தாள். எது நல்லது என்று என்னைக் கேட்டாள்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கலாம். எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். ஃபிலிம் கேமரா காலத்தில் நான் பள்ளிச் சுற்றுலாக்களில் பயன்படுத்திய ஃபிளாஷ் துணி சுற்றியபடி இருந்தது. கனமானது, நல்ல வெளிச்சம் தரும்.

"புதுசு எதுக்கு? இதைப் போட்டுக்கோ."

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரொம்பப் பழசாச்சே மாமா. டிஜிட்டல் கேமராவுக்கு ஒத்துக்குமா?"

"முப்பத்துநாலு வருஷம் பிசிக்ஸ் எடுத்தவன்கிட்டயே கேக்கறியா?"

அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

அப்படிச் சொன்னபோதே எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. பழைய ஃபிளாஷ்களில் சில, கேமராவைத் தொடும் அந்தச் சின்ன உலோகப் புள்ளியிலேயே இருநூறு வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கும். ஃபிலிம் கேமராவில் அது வெறும் சுவிட்ச்தான், தாங்கும். இன்றைய கேமராக்களில் பல தாங்காது. எனக்கு இது தெரியும். அளந்து பார்க்கும் மீட்டர் அதே அலமாரியின் கீழ் இழுப்பறையில் இருந்தது. குனிந்து எடுத்தால் இரண்டு நிமிட வேலை. எடுக்கவில்லை. அளந்து, ஆகாது என்று தெரிந்துவிட்டால், என் பொருளைத் திரும்பத் துணியில் சுற்றி வைக்க வேண்டியிருக்கும். அதற்கு மனம் வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

என் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்தோம். நான்கு முறை பளிச்சென்று அடித்தது. "கண்ணு பொட்டையாப் பூடப் போவுது, போதும் நிறுத்துங்க" என்றாள் மனைவி. ஐந்தாம் முறை அடிக்கவில்லை. ஃபிளாஷைக் கழற்றி அதிலிருந்த பொத்தானை அழுத்தினால் அடித்தது. கேமராவில் மாட்டினால் அடிக்கவில்லை. அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது.

மருமகள் முகம் சுண்டிவிட்டது. "நேத்து கோயில் குளத்தாண்ட தூறல்ல எடுத்துக்கினு இருந்தேன் மாமா. தண்ணி உள்ள போயிருக்குமோ?"

"இருக்கும்மா" என்றேன். "ஈரம் பொல்லாதது."

அத்தோடு விட்டிருந்தாலும் பாதிப் பாவம்தான். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று வேண்டியிருந்தது. "மேல இருக்குதே சின்ன ஃபிளாஷ், அதையும் திறக்காதே. ஈரம் நல்லாக் காயட்டும்" என்று சேர்த்துச் சொன்னேன். சொன்னது பிசிக்ஸ் வாத்தியார். அவள் அப்படியே கேட்டாள்.

அதனால் மானாமதி விசேஷத்தை எந்த ஃபிளாஷும் இல்லாமல் எடுத்தாள். நானும் மனைவியும் போயிருந்தோம். வீட்டுக்குள் ஒரே ஒரு டியூப் லைட். எங்கள் பக்கத்தில் போட்டோவுக்கு நிற்பவர்கள், வெளிச்சம் அடித்த பிறகுதான் மூச்சை விடுவார்கள். அடித்தால்தான் எடுத்ததாகக் கணக்கு. மாலையும் சீர்த்தட்டுமாக நின்ற தாய்மாமன் அசையவே இல்லை.

"இன்னாம்மா, எடுத்தியா இல்லியா?"

"எடுத்துட்டேண்ணா."

"எங்க எடுத்த? லைட்டே வரலியே. நான் பாட்டுக்குக் கல்லு மாதிரி நின்னுக்கினு கீறேன்."

"உட்டா சாயந்தரம் வரைக்கும் நிப்பாரு. மாமனுக்கு பளிச்சுன்னு அடிச்சாத்தான் கை கால் வேலை செய்யும்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொல்ல, கூடம் முழுக்கச் சிரித்தது. மருமகளும் சிரித்தாள். அவள் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

மறுநாள் கம்ப்யூட்டரில் பார்த்தோம். தாய்மாமன் சடங்குப் பெண்ணுக்கு மாலை போடும் படத்தில் மாலையும் கையும் புகை மாதிரி இருந்தன. அந்தத் தருணம் ஒரு முறைதான் வரும். பெண்ணின் அம்மா ஃபோனில் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "பரவால்ல, வுடும்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மருமகள் தேறியிருப்பாள். என் மகன் ஒரகடத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். சாப்பிட உட்கார்ந்தவன், "மழையில யாராவது கேமராவை எடுப்பாங்களா? உனக்கு எதுக்கு இந்த பேஜாரு?" என்றான். அவள் அவனுக்கு ரசம் ஊற்றினாள். எனக்கும் ஊற்றினாள். நான் சாப்பிட்டேன்.

பதினோராம் நாள் காலையில் அவளுக்கு ஒரு ஃபோன் வந்தது. மஞ்சள் நீராட்டுக்கு வந்திருந்த ஒரு பெண்மணி பேசினார். ஜன்னல் ஓரத்தில் சடங்குப் பெண் தன் மருதாணிக் கையைப் பார்த்துக்கொண்டிருந்த படம் ஒன்று மட்டும் நன்றாக வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தன் மகளின் வளைகாப்புக்கு எடுக்க முடியுமா என்று கேட்டார். "வேணாங்க்கா. நான் விட்டுட்டேன். எனக்குப் பொருளை வெச்சுக்கத் தெரியல" என்றாள் மருமகள். ஃபோனை வைத்துவிட்டு, பரணிலிருந்து கேமராவின் அட்டைப்பெட்டியை இறக்கித் தூசு தட்டினாள். விற்றுவிடப் போகிறாள் என்று தெரிந்தது.

செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

"அதை உள்ள வைக்காதேம்மா. கேமரா மழையில கெடல. என் ஃபிளாஷாலதான் கெட்டுது."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றேன்.

அவள் அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "மீட்டர் இருக்குதுன்னு சொல்வீங்களே, எடுத்துக்கினு வாங்க" என்றாள். கொண்டுவந்தேன். ஃபிளாஷில் பேட்டரி போட்டு, அந்த உலோகப் புள்ளியில் ஒரு முனையையும் ஓரத்தில் இன்னொரு முனையையும் வைத்தேன். முனை வழுக்கியது. அவள் வாங்கித் தானே வைத்தாள். இருநூற்று முப்பத்தெட்டு என்று காட்டியது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "வூட்டு கரண்ட்டையே தூக்கிக் கேமரா மண்டையில வெச்சிருக்காரு ஒங்க மாமா. இதுல ஈரமாம், பொல்லாததாம்."

மருமகளுக்குக் கண் கலங்கியது. ஆனால் குரல் உடையவில்லை. "பதினோரு நாளா என்னை நானே செருப்பால அடிச்சிக்கினு கீறேன் மாமா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"யாருக்கு? எனக்கா?"

ஆமாம் என்றுதான் தலையாட்டினேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இதை அவருகிட்டயும் நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்." அன்று மகன் ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். அவன் நேரே அவளிடம் போய், "அன்னைக்கு ஏதோ சொல்லித் தொலைச்சிட்டேன், மனசுல வெச்சுக்காத" என்றான். என் பிள்ளையல்லவா, அவனுக்கும் மன்னிப்புக் கேட்க நேராக வராது.

அதற்கடுத்த நாள் காஞ்சிபுரத்தில் கேமரா பழுது பார்க்கும் ஒருவரிடம் போனோம். நான் கூப்பிடவில்லை, அவள்தான் "வாங்க" என்றாள். அவர் பார்த்துவிட்டு, மேலே மாட்டும் ஃபிளாஷுக்கான சர்க்யூட் போய்விட்டது, மாற்றும் செலவில் வேறு பழைய கேமராவே வாங்கிவிடலாம் என்றார். அவர் சும்மா சின்ன ஃபிளாஷின் பொத்தானை அழுத்தினார். அது எழும்பி நின்று பளிச்சென்று அடித்தது.

"இது நல்லாத்தானே கீது? இது தனி லைனு. இதுக்கு ஏன் அழுவறீங்க?"

மருமகள் என்னைப் பார்த்தாள். காயட்டும், திறக்காதே என்று நான் சொன்னது நினைவுக்கு வந்திருக்கும். அன்று விசேஷத்தில் அதுவாவது அடித்திருக்கும். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடப் பெரிய கெடுதல் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

குறைந்த விலை ஃபிளாஷ்களிலேயே ஒரு வகை உண்டு என்றார் அவர். முன்பக்கம் ஒரு சின்னக் கண் இருக்கும். இன்னொரு ஃபிளாஷ் அடிப்பதைப் பார்த்ததும் தானும் அடிக்கும். கேமராவின் தலையில் மாட்ட வேண்டியதே இல்லை. கேமராவின் சின்ன ஃபிளாஷ் மெல்லக் கண் சிமிட்டினால் போதும், தள்ளி வைத்த பெரியது எழுந்துகொள்ளும். கண்ணாடிப் பெட்டியிலிருந்து மூன்றை எடுத்து வைத்தார்.

நான் பெட்டிகளில் எழுதியிருந்ததைப் படித்து, எதற்கு வெளிச்சம் அதிகம் என்று கண்டுபிடித்தேன். சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். அவள் பெட்டியைப் படிக்கவே இல்லை. ஒவ்வொரு ஃபிளாஷையும் கையில் எடுத்து அதன் தலையை மேலே தூக்கினாள், பக்கவாட்டில் திருப்பினாள். ஒன்று மேலே மட்டும் தூக்கியது, திரும்பவில்லை. அதை ஒதுக்கினாள். மற்ற இரண்டிலும் ஒரே மாதிரி பேட்டரி போடச் சொல்லி, அடித்துவிட்டு மறுபடி தயாராகும் வரை வாய்விட்டு எண்ணினாள். ஒன்று ஏழுக்குப் போயும் விளக்கு எரியவில்லை. இன்னொன்று மூன்றில் தயாரானது.

"ஏழு எண்றதுக்குள்ள தாய்மாமன் மாலை போட்டுட்டு சாப்பிடப் போயிருப்பாரு மாமா" என்றாள்.

வெளிச்சம் அதிகம் என்று நான் கண்டுபிடித்தது, அந்த ஏழு எண்ண வைத்த ஃபிளாஷைத்தான். கடைசியாக இன்னொன்றும் பார்த்தாள். கேமராவின் சின்ன ஃபிளாஷ் சில சமயம் அளவு பார்க்க முதலில் ஒருமுறை லேசாக அடித்துவிட்டு, பிறகுதான் படத்துக்கு அடிக்கும். முதல் சிமிட்டலுக்கே ஏமாறாமல் இரண்டாவதற்குக் காத்திருக்க, மூன்றில் தயாரானதில் ஒரு சுவிட்ச் இருந்தது. அதையே எடுத்துக்கொண்டாள். ஒரு நல்ல பட்டுக்கலப்புப் புடவையின் விலைதான். கூடவே திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் பேட்டரிகளில் எட்டு வாங்கிக்கொண்டாள். நான்கு உள்ளே, நான்கு இடுப்பில்.

வெளியே வந்து, பஸ்ஸுக்கு நிற்கும்போதே அந்தப் பெண்மணிக்கு ஃபோன் செய்தாள். "அக்கா, வேற யாரையாவது சொல்லிட்டீங்களா?" இல்லை என்ற பதிலைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

வளைகாப்பு வீட்டில் நுழைந்ததும் அவள் நின்றுவிட்டாள். கூடம் முழுக்கக் கிளிப்பச்சைச் சுவர். கூரையும் அதே பச்சை. முகத்தில் நேராக அடிக்காமல், அதில் பட்டுத் திரும்பும்படி ஃபிளாஷை அடித்தால் பிள்ளைத்தாய்ச்சியின் முகமும் பச்சையாகத்தான் வரும். நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் பையைத் திறந்தாள். என்னுடைய எட்டு முழ வேட்டி, துவைத்து இஸ்திரி போட்டது, உள்ளே இருந்தது. வீட்டில் நான் தேடிக்கொண்டிருந்த வேட்டி.

"முந்தா நாள் வந்து பார்த்துட்டுப் போனேன் மாமா. சொல்லல."

ஜன்னல் கம்பிக்கும் காலண்டர் ஆணிக்கும் இடையே அதைக் கட்டினோம். ஃபிளாஷை வேட்டிப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நான் மூலையில் நிற்க வேண்டும். அதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பெண்கள் விடுவார்களா?

"இன்னா வாத்தியாரே, வேட்டிய அவுத்து மாட்டிட்டீங்க?"

"பயப்படாதீங்க அத்தே, ஒண்ணு கட்டிக்கினுதான் வந்திருக்காரு" என்றாள் மருமகள், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதல் வளையலை நாத்தனார் போட்டார். சின்ன ஃபிளாஷ் சிமிட்டியது, என் கையிலிருந்தது பளிச்சென்று எழுந்து வேட்டியில் பட்டுத் திரும்பியது. நாத்தனார் மூச்சை விட்டு நகர்ந்தார். அடுத்தவர் வந்தார். மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. தயார். பதினைந்தாவது ஆளுக்குப் பிறகு என் தோள் வலித்தது. "மாமா, கொஞ்சம் தாழ்த்துங்க. இப்ப போதும்." தாழ்த்தினேன்.

நடுவில் ஒருமுறை கேமராவைத் திருப்பி எனக்குக் காட்டினாள். பெண்ணின் முகம் மட்டும் இல்லை, வளையலில் பட்ட சந்தனம், பின்னால் நின்றவர்களின் சிரிப்பு எல்லாம் தெரிந்தது. சுவரில் கறுப்பு நிழல் இல்லை. நன்றாக இருக்கிறது என்றேன். ஃபிளாஷை மறுபடி தூக்கிப் பிடித்தேன்.

பழைய ஃபிளாஷ் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதன் மேல் ஒரு தாளை ஒட்டி, "கேமராவில் மாட்டக் கூடாது. 238 வோல்ட்" என்று எழுதி, கீழே என் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

அந்த வளைகாப்பு வீட்டுச் சாப்பாட்டுப் பந்தியில் மருமகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேட்டி மடித்து அவள் மடியில் இருந்தது, ஓரத்தில் குங்குமக் கறையோடு.

"மாமா, வர்ற ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வேலை எதுனா கீதா?"

ஒன்றும் இல்லை என்றேன்.