டியூ முடியாத மெஷின்

என் அப்பா தவணைக்காரர். இன்னும் திடமாகத்தான் இருக்கிறார். இதைப் படித்தால் கோபப்படுவார், படட்டும். ராசிபுரத்திலிருந்து தம்மம்பட்டி வரைக்கும் மொபெட்டில் ஊர் ஊராகப் போய் மிக்சி, கிரைண்டர், பீரோ, கட்டில் என்று மாதத் தவணைக்குக் கொடுப்பது அவர் தொழில். பிறகு வாஷிங் மெஷினும் சேர்ந்துகொண்டது. பொருளை இறக்கியதும் ஒரு மஞ்சள் அட்டையைக் கையில் கொடுப்பார். மாதா மாதம் போய் டியூ வாங்கிக்கொண்டு அதில் கையெழுத்துப் போடுவார். கடையில் அந்தப் பொருள் என்ன விலை, அட்டை முடியும்போது சனங்கள் என்ன விலை கொடுத்திருப்பார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் எங்கள் வீட்டுக்குள் தவணையில் ஒரு கரண்டிகூட வந்ததில்லை.

"சேத்து வெச்சு வாங்கோணும். அப்பத்தான் அது நம்முளுது" என்பார். கல்யாண வீடுகளில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது இதை எடுத்துவிடுவார். சொந்தக்காரர்கள் பெரிய ஞானி பேசிவிட்ட மாதிரி தலையை ஆட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் அந்த வீட்டில் சேர்த்து வைத்தது அம்மா ஒருத்திதான். தையல் கடையிலிருந்து ஜாக்கெட்டுகளை வாங்கி வந்து கொக்கி வைத்துக் கொடுப்பாள். அந்தக் கூலியை ஒரு சத்துமாவு டப்பாவில் போட்டு வைப்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு வாஷிங் மெஷின். எங்கள் போர் தண்ணீர் உப்பு. சோப்பில் நுரையே வராது, தேய்த்துத் தேய்த்துக் கை வெடிக்கும். மழைக்காலத்தில் விரல் இடுக்குகளில் ரத்தம் கசியும். அந்தக் கையோடுதான் அப்பாவின் வெள்ளைச் சட்டைகளைத் தோய்ப்பாள். தவணைக்காரன் சட்டை பளிச்சென்று இருந்தால்தான் சனம் மதித்துப் பணம் தரும் என்பது அவர் கணக்கு. ஒரு நாளைக்கு ஒரு சட்டை, ஒரு வேட்டி. காலரில் லேசாக அழுக்கு இருந்தாலும் திரும்பத் தூக்கிப் போட்டுவிடுவார்.

டப்பா நிறையும். நிறைந்த வாரமே அப்பாவுக்குச் சரக்கு எடுக்க முதல் போதாமல் போகும். அடுத்த மாதம் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போவார். எனக்குத் தெரிந்து மூன்று முறை இது நடந்தது. மூன்றாவது முறை அந்தப் பணத்தில் அவர் எடுத்துவந்தது என்ன தெரியுமா? இரண்டு வாஷிங் மெஷின். ஒரு ராத்திரி எங்கள் தகரக் கொட்டகையில் இருந்துவிட்டு, காலையில் யார் வீட்டுக்கோ போய்விட்டன. ஒன்றை நாமே வைத்துக்கொள்ளலாமா என்று அம்மா கேட்டாள். விற்கிற பொருளில் கை வைத்தால் தொழில் உருப்படாது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அம்மா கொக்கி வைக்க வேண்டிய ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்து, அப்பாமேல் வந்ததைவிடப் பெரிய கோபம் எனக்கு அவள்மேல் வந்தது.

படித்து முடித்ததும் குமாரபாளையத்தில் ஒரு ஜவுளிக் கம்பெனி ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவேன். இரண்டாவது மாதச் சம்பளம் வந்ததும் யாரிடமும் கேட்கவில்லை. சேலத்தில் ஒரு கடைக்குப் போய், பன்னிரண்டு மாதத் தவணையில் வாஷிங் மெஷின் எடுத்து, வீட்டு விலாசம் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு வண்டி வந்தது. அப்பா வாசற்படியில் நின்றுகொண்டு நகரவில்லை.

"டியூ முடியற வரைக்கும் அது நம்முளுது இல்ல. நம்முளுது இல்லாத பொருள் எதுக்கு ஊட்டுக்குள்ள வரோணும்?"

நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். ஊரெல்லாம் டியூவுக்குக் கொடுத்துத்தானே என்னைப் படிக்க வைத்தீர்கள், அந்தச் சோறு மட்டும் இறங்கியதா என்று கேட்டேன். மெஷினை ஏற்றி வந்தவர்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அதைத் தகரக் கொட்டகையில் இறக்கிவிட்டுப் போனார்கள். அட்டைப்பெட்டிகூடப் பிரிக்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்து, "உடு சாமி" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. அந்த ஆள் முன்னால் அழக் கூடாது என்று வைராக்கியம்.

இப்படியே நான்கு மாதம் போனது. மெஷின் கொட்டகையில் கிடந்தது. நான் டியூ கட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மாவின் கை ஆறியிருந்தது. விரல் இடுக்கில் வெடிப்பு இல்லை. மருந்து ஏதாவது போட்டாயா என்று கேட்டதற்கு, ஆமாம் என்றாள்.

அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு வசூலுக்குப் போவார். பாசம் ஒன்றுமில்லை. சனங்கள் போனிலேயே பணம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அனுப்பிவிட்டோம் என்று சொன்னால் வந்ததா இல்லையா என்று அவருக்குப் பார்க்கத் தெரியாது. அதற்கு நான் வேண்டும். போகிற வழியெல்லாம் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம்.

அன்றைக்கு அம்மா கோயிலுக்குப் போவதாகச் சொல்லி முன்னாலேயே கிளம்பியிருந்தாள். நாங்கள் பக்கத்து வீதியில் தறி ஓட்டுகிற ஓர் அக்கா வீட்டுக்குப் போனோம். அம்மாவின் டப்பாப் பணத்தில் வந்த இரண்டு மெஷினில் ஒன்று அந்த வீட்டில்தான் இருந்தது. இரண்டு மாத டியூ பாக்கி. அப்பா முகத்தை இறுக்கிக்கொண்டு, குரலில் மட்டும் மரியாதையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பேச வாயைத் திறந்தவர் அண்ணாந்து பார்த்தார். அந்த வீட்டுக் கொடிக்கயிற்றில் ஏழு வெள்ளைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு சட்டையில் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். அது அம்மா தைத்த பொத்தான்.

அந்த அக்கா தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"ஏனுங்கண்ணா, உங்க துணியெல்லாம் நாலு மாசமா எங்கூட்டு மெஷின்லதான் ஓடுது. கரண்டுக்கும் சோப்புக்கும் போட்டு டியூவுல கழிச்சுக்கோங்க."

அப்பா கையெழுத்துப் போட எடுத்திருந்த பேனாவைத் திரும்பப் பையில் செருகினார். அதற்குள் வீட்டின் பின்பக்கத்திலிருந்து அம்மா பிழிந்த வேட்டியோடு வந்தாள். எங்களைப் பார்த்தாள். ஒளியவும் இல்லை, பதறவும் இல்லை. வேட்டியை உதறி, கொடியில் இடம் பார்த்துப் போட்டாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னால் நான் சிரித்ததில்லை. அப்பா டியூ கேட்காமலே வண்டியைத் திருப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அவரே கொட்டகைக்குப் போய் அட்டைப்பெட்டியைக் கிழித்தார். நானும் ஒரு கை பிடித்தேன். மெஷின் வீட்டுக்குள் வந்தது. ஆள் கூப்பிட்டுக் குழாய் மாட்டினோம். சாயங்காலம் அம்மா வந்து அதைச் சுற்றிப் பார்த்தாள். தன் புடவைகளையும் என் சுடிதார்களையும் எடுத்து உள்ளே போட்டாள். அப்பா அன்றைய சட்டையைக் கழற்றி நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"இன்னும் எட்டு டியூ இருக்குதுங்களே. நம்முளுது இல்லாத பொருள்ல உங்க துணி எதுக்குங்க? கல்லு வெளியில கெடக்குதுங்க."

குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே அவருடைய கொள்கையைக் காப்பாற்றித் தருகிற மாதிரி சொன்னாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வெளியே துணி துவைக்கிற கல்லில் சட்டை அடிபடுகிற சத்தம் கேட்டது.

அடுத்த மாதமே கம்பெனியில் போனஸ் போட்டார்கள். மிச்சத் தவணை எல்லாவற்றையும் ஒரே தடவையில் கட்டிவிடலாம், வட்டியும் மிச்சமாகும் என்று கடையிலிருந்து போன் செய்து சொன்னார்கள். அப்பாவுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் வந்ததும் வெடித்த விரல்களை மறைத்துக்கொண்டு, கட்டிவிட்டாயா என்று கேட்டார்.

கையில் பணம் இருந்தது. இல்லை என்றேன். மாதம் ஒன்றாக எட்டு டியூவையும் கட்டினேன்.