ஆயுத பூசையன்று பூட்டிய அறை

எண்பதுகளின் தொடக்கத்தில் அவனியாபுரத்தில் ஒரு சிறு தொழிற்சாலையில் ப்ராசஸ் இன்ஜினியராக இருந்தேன். ரேடியோவில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியுமே, அதைத்தான் செய்தோம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி, கடுகைவிடச் சிறிய சிப்பின்மேல் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்ட வேண்டும். ஒட்டாமல் போனால் ஏன் என்று கண்டுபிடிப்பது என் வேலை. பெரும்பாலும் தூசிதான் காரணமாக இருக்கும். அந்த எரிச்சலில், வீட்டில் ஒட்டடை அடித்தால்கூடச் சத்தம் போடுவேன்.

கம்பி ஒட்டுவதில் கைதேர்ந்தவள் வண்டியூரிலிருந்து வந்த ஒரு பெண். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவளுடைய மாமியாருக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. நாளெல்லாம் குழாய்க்குள் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வேலையா, கண்தான் கெடும், நின்றுவிடு என்று வீட்டில் தினமும் பேச்சு.

ஆயுத பூசை நெருங்கியபோது அவள் என்னிடம் வந்து கேட்டாள்.

"சார், பூசை அன்னைக்கு எங்க அத்தைய உள்ள கூட்டியாரவா? ஒரு தடவ அந்தக் கம்பியப் பாத்துட்டாங்கன்னா அப்புறம் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

பூசையன்று குடும்பத்தோடு வந்து, மெஷினுக்குச் சந்தனம் வைத்து, சூடம் காட்டுவது எல்லாப் பட்டறையிலும் வழக்கம். எங்கள் அறையிலோ பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்கான மாதிரி விளக்குகள் பாதியில் நின்றன. சூடப் புகை படிந்தால் அத்தனையும் பாழ். "பூசையெல்லாம் வாசலோட சரி. உள்ள யாரும் வரக் கூடாது" என்று சொல்லி அறையைப் பூட்டிவிட்டேன். புகை வேறு, ஆள் வேறு என்று பிரித்துப் பார்க்க அப்போது எனக்குப் பொறுமை இல்லை. ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டு அந்த அம்மாவைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்திருக்கலாம். அதை நினைத்தால் இன்றும் மனசை அறுக்கிறது.

மாமியார் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பொரிகடலையை வாங்கிக்கொண்டு, கண்ணாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். துணி போர்த்திய மேசைகள் மட்டும் தெரிந்தன.

"இம்புட்டுத்தானா?" என்றார். மருமகள் என்னைப் பார்த்தாள்.

மாதிரி விளக்குகள் தேறின. ஆர்டரும் வந்தது. தீபாவளிக்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை.

சில வாரங்கள் கழித்து, வேலையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்க மாமியாரோடு வந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நானே எழுந்து போய், "உள்ள வாங்கம்மா, உங்க மருமக செஞ்ச வேலையப் பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டேன்.

"இனி எதுக்குத் தம்பி? அதான் வேலைய விட்டுருச்சே" என்றார், கோபமே இல்லாமல். "பஸ்சு வந்துரும், வாரோம்."

மருமகள் கோட்டை என் மேசையில் வைத்துவிட்டு அவர் பின்னால் நடந்தாள்.