இடது பக்கத்து லேபிள்

என் குரலை முதன்முதலில் வெளியே நின்று கேட்டது எங்கள் கம்பெனியின் பயிற்சி வகுப்பில்தான். சுவரில் மாட்டிய டிவியில் ஒரு வெள்ளைப் பலகை தெரிந்தது. ஆள் யாரும் இல்லாமல் அதன் மேல் ஒரு கறுப்புக் கோடு ஓடி, வளைந்து, பனியன் ஆயிற்று. பின்னால் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது வந்து... கழுத்துப்பட்டிங்க" என்றார். அந்த யாரோ நான்தான். பெஞ்சில் இருந்த புதுப் பெண்கள் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. கதவோரத்திலிருந்து நகர்ந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

இருபது வருடங்களுக்கு மேல், துணியின் ஓரங்களை மூட்டும் ஓவர்லாக் மிஷினில் டெய்லராக இருந்தவன் நான். படிப்பு பத்தாவதோடு சரி. தினமும் பெருமாநல்லூரிலிருந்து கம்பெனி வேனில் முதலிபாளையம் வருவேன்; மிஷினில் உட்கார்ந்தால் சாப்பாட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. தையல் லைனில் அது ஒரு குறையே இல்லை. அத்தனை மிஷின் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. அதனாலேயே எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

ஒருநாள், புதிதாக வந்த ஒருவருக்குத் தோள்பட்டைத் துண்டுகள் எப்படிச் சேர்கின்றன என்பது புரியவில்லை. வாயால் சொல்ல வராததால், மார்க்கிங் சாக்பீஸால் மேசையிலேயே வரைந்து காட்டினேன். பின்னால் பயிற்சி அதிகாரி நின்றதைக் கவனிக்கவில்லை. என்னைவிடப் பாதி வயது இருக்கும் அவருக்கு. கோயமுத்தூரில் பெரிய படிப்பு படித்தவர்.

"ஏனுங்ண்ணா, இதையே டேப்லெட்ல வரைவீங்களா?" என்றார்.

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்லீங்க, சார்."

"ரொம்ப சுலபமுங்ண்ணா. வெள்ளைப் பலகை மாதிரி ஒரு ஆப் இருக்குது. நீங்க வரையறதும் பேசறதும் அப்படியே வீடியோவாயிரும். புதுசா வர்றவங்களுக்குப் பாடம் போட்டுக் காட்டிக்கலாம். ரெண்டு நாள் வேலைதான்."

ரெண்டு நாள் என்பதால் ஒத்துக்கொண்டேன். அந்த ரெண்டு நாள் மாதக்கணக்கில் நீண்டுவிட்டது. என் மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கொடுத்தது தையல் கூடத்தின் ஓரத்திலிருந்த கண்ணாடி அறை. சத்தம் உள்ளே வராமல் கதவு இடுக்கெல்லாம் ரப்பர் ஒட்டியிருந்தார்கள். அங்கிருந்து லைன் முழுவதும் தெரியும். ஒரு சத்தமும் கேட்காது. ஊசிகள் ஏறி இறங்கும், வாய்கள் அசையும், சூப்பர்வைசர் கையை வீசித் திட்டுவார், எல்லாமே ஊமையாக நடக்கும். நடுவில் நான் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிவப்புப் புள்ளியைத் தொட்டதும் பதிவு தொடங்கும், அதே நொடியில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு சின்னப் பாடத்துக்கு ஏழெட்டுத் தடவை மறுபடி எடுப்பேன். ஒவ்வொரு தடவையும் "இது வந்து" என்றுதான் ஆரம்பிப்பேன். மாற்றிச் சொல்ல முயன்றால் அதற்கு மேல் ஒன்றும் வராது.

வரைவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. முதலில் டேப்லெட் கண்ணாடியில் பேனா வழுக்கியது. உள்ளங்கை பட்ட இடமெல்லாம் புள்ளி விழுந்தது. கடைசி இரண்டு விரலுக்கு மட்டும் கழிவுத் துணியில் ஒரு உறை தைத்து மாட்டிக்கொண்டேன். அதன் பிறகு கை நகர்ந்தது. தப்பாகப் போனால் ஓரத்திலுள்ள அம்புக்குறியைத் தொட்டால் போதும், கடைசிக் கோடு மறைந்துவிடும். துணியில் தையலைப் பிரித்தால் ஊசி போன துளைகளாவது இருக்கும். இதில் ஒன்றும் மிச்சமிருக்காது. முதலில் அது எனக்கு அதிசயமாக இருந்தது.

லேபிள் வைக்கும் பாடத்தை அப்போதுதான் எடுத்தேன். எப்படித் துவைக்க வேண்டும் என்று எழுதிய சின்னத் துணிச்சீட்டை, பனியனின் பக்கவாட்டை மூட்டும்போது உள்ளே செருகித் தைக்க வேண்டும். போடுகிறவரின் இடது பக்கம் அது வர வேண்டும் என்பது அந்த ஆர்டரின் கணக்கு. நான் ஆயிரக்கணக்கில் வைத்த லேபிள்தான்.

அதிகாரி வந்து பார்த்து, "வெறும் கோடா இருக்குதுங்ண்ணா. நீலக்கலர் அடிச்சு, பாக்கெட் வெச்சு, கடையில தொங்கற பனியன் மாதிரி வரையுங்க. பார்க்க நல்லா இருக்கும்" என்றார். அப்படியே வரைந்தேன். இடது ஓரத்தில் லேபிளைச் சிவப்பில் போட்டு, "இது வந்து... இடது கைப்பக்கம் வரோணுங்க" என்று சொன்னேன். அவர் பார்த்துச் சரி என்றார்.

அந்தப் பாடத்தைப் பார்த்துப் பழகியவர்களில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கைமடியாக, அதாவது டெய்லருக்குத் துண்டுகளை எடுத்து அடுக்கிக் கொடுக்கும் ஆளாக, ஒரு வருடம் நின்றே வேலை பார்த்தவர். பயிற்சி முடிந்து டெய்லர் இருக்கையில் உட்கார்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பக்கவாட்டு மூட்டும் லேபிளும் அவருக்குக் கொடுத்த வேலை.

ஒருநாள் காலை, மாதிரிக்கு ஒரு பனியன் எடுக்க லைனுக்குப் போனேன். சூப்பர்வைசர் ஒரு கட்டுப் பனியன்களை அந்தப் பெண்ணின் முன்னால் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அவர் பழைய சிநேகிதர். நாங்கள் ஒரே வருடத்தில் இந்தக் கம்பெனிக்கு வந்தவர்கள்.

"ஏம்மா, இடது கை எது, வலது கை எதுன்னு உனக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கலையா? அத்தனையும் பிரிக்கோணும் இப்ப!"

"வீடியோவுல இந்தப் பக்கந்தாண்ணே போட்டிருந்துச்சு. நான் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வச்சேன்."

"வீடியோ மேல பழி போடாத. அதைப் போட்ட ஆளு இருபது வருசமா லேபிள் வெச்சவரு."

செக்கிங் மேசையிலிருந்த ஒரு பெண், "அக்கா, சோறு திங்கற கையைத் தூக்குங்க பார்க்கலாம்!" என்றார். அந்தப் பக்கம் முழுவதும் சிரித்தது. சூப்பர்வைசர் சிவகங்கைப் பெண்ணை எழுப்பிக் கைமடிக்கு அனுப்பினார். அவர் எழுந்துபோய்த் துண்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

நான் கண்ணாடி அறைக்குத் திரும்பி அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. தைக்கும்போது எங்களுக்குப் பனியனின் உள்பக்கம்தான் வெளியே இருக்கும். அப்போது முன்துண்டு மேலே இருந்தால் லேபிள் என் இடது கைப்பக்கம் வரும். இத்தனை வருடம் என் கண் பார்த்தது அதைத்தான். அதையே நல்ல பக்கம் திருப்பிவிட்டால் எதிரே இருந்து பார்ப்பவருக்கு லேபிள் வலது ஓரத்துக்குப் போய்விடும். நான் கடையில் தொங்குகிற மாதிரி நல்ல பக்கத்தை வரைந்துவிட்டு, லேபிளை உள்பக்கத்துக் கணக்கில் வைத்திருந்தேன். பழைய டெய்லர் யாராவது பார்த்திருந்தால் படத்தைக் கவனிக்காமல் கைப்பழக்கத்தில் சரியாகத் தைத்திருப்பார். அந்தப் பெண் படத்தை நம்பி, அது எப்படி இருந்ததோ அப்படியே வரும்படித் தைத்திருக்கிறார்.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவரும் இரண்டு தடவை பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"நானும் ஓகே பண்ணிட்டேனே. மேல தெரிஞ்சா வகுப்பையே மூடிருவாங்க. சரிங்ண்ணா, புதுசா ஒண்ணு எடுத்து அதே பேர்ல போட்டுரலாம். பழசை அழிச்சுருங்க."

"அந்தப் பொண்ணுங்க, சார்?"

"கொஞ்ச நாள் கைமடியில இருக்கட்டும். அடுத்த பேட்ச்ல பார்த்துக்கலாம்."

நான் தலையாட்டினேன். அவர் முன்னால் எனக்கு எப்போதும் தலைதான் ஆடும்.

அன்று ஒரே தடவையில் பாடம் வந்துவிட்டது. ஒரு திக்கல் இல்லை. லேபிளை வலது ஓரத்தில் வரைந்து, உள்பக்கம் ஒரு படம், நல்ல பக்கம் ஒரு படம் என்று இரண்டும் போட்டேன். ஆனால் பழையதை அழித்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பெண் சொன்ன வீடியோ இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை. யாராவது போய்ப் பார்த்தால் அவர்தான் பொய்க்காரி ஆவார்.

அதனால் மறுபடி எடுத்தேன். ஆரம்பத்தில் இப்படிச் சேர்த்தேன்: "இது வந்து... முன்னாடி போட்ட படத்துல லேபிள் பக்கம் தப்புங்க. வரைஞ்சது நான். அதைப் பார்த்துத் தைச்சவங்க மேல தப்பில்லீங்க." ஆட்கள் முன்னால் வராத வார்த்தை டேப்லெட் முன்னால் வந்துவிட்டது என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் வகுப்பில் போட்டார்கள். கதவோரம் நின்றேன். வீடியோ நேராகப் பனியன் படத்தில் ஆரம்பித்தது. நான் சேர்த்தது இல்லை.

"அது நீளமாப் போச்சுங்ண்ணா. கட் பண்ணிட்டேன்" என்றார் அதிகாரி. அதிகாரமாகச் சொல்லவில்லை, கெஞ்சுவது போலத்தான் சொன்னார்.

சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசரைத் தனியாகப் பிடித்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஒரு டீயே குடித்துவிட்டார்.

"அட, நீங்க பண்ணுன கூத்தா மாப்ள அது? சரி, விடுங்க. வர்ற திங்கக்கிழமை அந்தப் பொண்ணைத் திரும்ப உட்கார வெச்சுடறேன். ஆள் பத்தலைன்னு சொல்லிக்கறேன். யார் காதுக்கும் போக வேண்டாம்."

பாரம் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். குடிதண்ணீர்க் குழாயடியில் அந்தப் பெண்ணிடம் போய், தரையைப் பார்த்துக்கொண்டே, திங்கட்கிழமை மிஷின் கிடைக்கும் என்று சொன்னேன். வரைந்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"தெரியும்ணே. வாயைத் தொறந்தா 'இது வந்து, இது வந்து'ன்னு சொல்றது நீங்கதான?" என்றார். பாட்டிலை மூடினார். "என்ன சொல்லி உக்கார வைக்கிறாக?"

"ஆள் பத்தலைன்னுங்க."

"அப்ப வேணாம்ணே. இடது வலது தெரியாதவன்னு லைன் பூராம் சிரிச்சாக. ஆள் பத்தலைன்னு உக்கார வச்சா, தெரியாதவளாத்தான உக்காரணும்? நாளைக்கு எவ தப்புப் பண்ணினாலும் என் மேலதான் வரும். நான் சனிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போறேன். அங்க நாலு வீட்டுல பாத்திரம் வெளக்கினாலும் இப்படி யாரும் பேச மாட்டாக."

"நான் சொல்லிட்டனுங்களே."

"எங்கிட்டச் சொல்லி என்னண்ணே ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. சிரிச்ச எடத்துல சொல்லுங்க."

அன்று வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை முழுவதும் அறையிலேயே இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டு துண்டுகளை அடுக்குவது தெரிந்தது. ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. பதிவுப் புள்ளியைத் தொட்டுத் தொட்டு நிறுத்தினேன். வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்தேன். எழுதி ஒட்டலாமா, சூப்பர்வைசரையே சொல்லச் சொல்லலாமா? எல்லா வழியும் அந்த லைனில்தான் போய் நின்றது.

சனிக்கிழமை நாலு மணிக்கு டீ மணி அடித்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கையில் ஒரு பனியனோடு லைனின் தலைப்பில் போய் நின்றேன்.

"பாருங்க, வீடியோக்காரரு நேர்லயே வந்துட்டாரு!" என்றார் அதே செக்கிங் பெண். "ரெக்கார்டு ஓடுதுங்களா?"

வாயைத் திறந்தேன். "இது வந்து..." என்றதும் மொத்த லைனும் சிரித்தது. புதுசாக வந்த எல்லோரும் அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுத்தான் தையல் பழகியிருந்தார்கள். திரும்பி நடந்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் கை தன் பாட்டுக்குப் பனியனை உள்பக்கமாகத் திருப்பிவிட்டது. அதைத் தூக்கிக் காட்டினேன்.

"இப்படிப் பார்த்தா லேபிள் இடது கைப்பக்கமுங்க." நல்ல பக்கம் திருப்பினேன். "இப்படிப் பார்த்தா வலது பக்கம் போயிருமுங்க. நான் உள்பக்கத்தை நெனச்சு நல்ல பக்கத்தை வரைஞ்சிட்டேன். அதோ, அவங்க படத்துல இருந்தபடிதான் வெச்சாங்க. படம்தான் தப்புங்க. தப்பு என்னோடதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "அப்ப நான் திட்டுனதெல்லாம்?"

"திரும்ப வாங்கிக்குங்க!" என்று டீத் தம்ளரோடு யாரோ சொன்னார்கள். இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவர் அந்தப் பெண்ணிடம், "வந்து உட்காரும்மா" என்றார். அந்தப் பெண் உடனே வரவில்லை. கையிலிருந்த அடுக்கை முடித்து, கட்டி வைத்துவிட்டு வந்தார். மிஷினில் நூல் கோர்த்திருப்பதை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். "லேபிள் கட்டு எங்கண்ணே இருக்கு?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டார்.

நான் நேராக அதிகாரியிடம் போய், லைனில் சொல்லிவிட்டதைச் சொன்னேன். அவர் கோபத்தில் என்னைத் திரும்ப மிஷினுக்கே அனுப்பிவிடுவார் என்று ஒரு ஆசை இருந்தது. நானே கேட்டும்விட்டேன்.

"எப்படிங்ண்ணா விட முடியும்? இன்னும் காலர், கை மூட்டு, அடி மடிப்பு எல்லாம் பாக்கி இருக்குதே" என்றார். "இனிமே ஒவ்வொரு பாடத்தையும் லைன்ல ஒருத்தர்கிட்டக் காட்டிட்டுப் போடலாம். உள்ள போய் ஆரம்பியுங்க."

உள்ளே போய் உட்கார்ந்தேன். ரப்பர் ஒட்டிய கதவு மூடியதும் சத்தம் நின்றது. கண்ணாடி வழியாக அந்தப் பெண் தைப்பது தெரிந்தது. ஒரு பனியனை மூட்டினார், நல்ல பக்கம் திருப்பினார், தன் உடம்போடு ஒட்ட வைத்து லேபிளைக் கையால் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அடுத்ததை எடுத்தார். அதையும் அப்படியே பார்த்தார். நான் வரைகிற எதையும் அவர் இனி அப்படியே நம்பப் போவதில்லை. டேப்லெட்டைத் திறந்து, காலர் வரைய ஆரம்பித்தேன்.