அவர் படிக்க ஓர் எழுத்துரு

சர்க்கரை நோய் கண்ணைப் பிடித்த பிறகு, பிள்ளையார்குப்பத்தில் கல்லூரிப் பேருந்து ஓட்டும் வேலையை என் கணவரால் தொடர முடியவில்லை. லேசர் சிகிச்சை செய்த டாக்டர், இருக்கும் பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளலாம், போனது திரும்பாது என்றார். வேலை போனதை அவர் தாங்கிக்கொண்டார். ஆனால் மாணவர்களை இறக்கிவிட்டு மாலைவரை காத்திருக்கும் நேரமெல்லாம் போனில் நாவல் படித்தே கழித்தவர் அவர். படிப்பும் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் நின்றது. நான் படித்துக் காட்டினால் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போதும் என்பார். ஒருநாள் காரணத்தையும் சொன்னார்.

"நீ படிச்சா உன் கத மாதிரி ஆயிடுது. நானே படிக்கணும். ண எது, ன எதுன்னு தெர்ல. சுழியெல்லாம் அடச்சிக்கினு கருப்பா கீது. அதுக்கு இன்னாவாவது செய்ய முடியுமா?"

நான் வீட்டிலிருந்தபடியே பாகூர் அச்சகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பவள். எழுத்துருக்களைப் பயன்படுத்தத்தான் தெரியும், செய்யத் தெரியாது. சுழிகளை அகலமாகத் திறந்துவைத்து ஓர் எழுத்துரு வரைந்துவிடலாம் என்று துணிந்தேன். எந்த மென்பொருளில் வரைவது என்பதில் மாட்டிக்கொண்டேன்.

இணையத்தில் கேட்ட இடத்திலெல்லாம் ஒன்றையே சொன்னார்கள். அது ஆப்பிளின் மேக் கணினியில் மட்டும் ஓடும். என்னிடம் இருந்ததோ பழைய விண்டோஸ் கணினி. வில்லியனூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தோழி, தன் மேக்கில் போட்டுப் பார்க்கச் சொன்னாள். அந்த மென்பொருளின் இலவசச் சோதனைக் காலம் முடிவதற்குள் உயிரெழுத்துகளை வரைந்து முடித்தேன். கோடு நினைத்தபடி வளைந்தது. ஆனால் ஸ்டூடியோவுக்கு ஆள் வந்தால் நான் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். கணவரை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போவதிலும் மனம் நிலைகொள்ளவில்லை. அடுத்து, உலாவியிலேயே வேலை செய்யும் ஒன்றை முயன்றேன். மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம் இணைப்பு அறுந்து, வரைந்த மெய்யெழுத்துகளில் பாதி காணாமல் போயின. அதோடு அதைத் தொடவில்லை.

கடைசியாக ஓர் இலவச மென்பொருளை இறக்கினேன். பார்க்க அழகாக இல்லை. பொத்தான்கள் எங்கெங்கோ கிடந்தன. ஆனால் என் கணினியில் திணறாமல் ஓடியது. தோழியின் மேக்கில் வரைந்ததை எல்லா மென்பொருளும் படிக்கும் பொதுவடிவில் சேமித்து எடுத்து வந்திருந்தேன். அதுவும் சிதையாமல் திறந்தது. என் 'அ' திரையில் வந்து நின்றபோது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அதன்பின் மெய்யெழுத்துகளை மறுபடி வரைந்தேன். 'டி', 'கூ' போன்றவற்றைத் தனித்தனியாக வரைந்து, எது எதனுடன் சேர்ந்தால் எது வரவேண்டும் என்ற விதிகளையும் எழுதினேன். சோதித்துப் பார்க்கக் 'கொடி' என்று அடித்தால், ககரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. இலவசமாகக் கிடைத்தது இப்படித்தான் இருக்கும் என்று வெறுத்துப்போனேன். எப்படியாவது ஒரு மேக் வாங்கிவிட வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன்.

"வாங்கணும்னா வாங்கு" என்றார். "ஆனா தப்பு அதுலதான்னு நிச்சயமா தெரிமா?"

தெரியாது. மறுநாள் காலை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். விதிகள் எந்த மொழியின் எழுத்துக்கு என்று கேட்கும் இடத்தில், தமிழ் என்று குறிக்காமல் பொதுவாக விட்டிருந்தேன். மாற்றினேன். கொம்பு தன் இடத்துக்கு வந்தது. தவறு என்னுடையதுதான் என்று தெரிந்ததில் அவ்வளவு நிம்மதி. என்னுடையது என்றால் நானே சரிசெய்துகொள்ளலாம் அல்லவா?

முழு எழுத்துருவும் முடிந்ததும், புத்தகம் படிக்கும் செயலி ஒன்றில் ஏற்றிப் போனை அவரிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். போனைக் கண்ணருகே பிடித்தார். பொறுக்காமல், எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இரு" என்றார். பிறகு, "மனம்னு போட்டுகீது. மணம் இல்ல" என்றார்.

நான் நாற்காலியை இழுத்து அவர் அருகில் போட்டுக்கொண்டேன்.

"ழு இருக்குதே, அதோட வாலு கீழ் வரியில இடிக்குது. அத மட்டும் பாரு."

வாலைச் சுருக்குவது சின்ன வேலைதான் என்றேன். அவர் அதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தார்.