முதல் தடவையிலேயே சொன்ன சரி

இத்தாலியில் தூரின் நகருக்குப் படிக்க வந்த நாளிலிருந்து மெஹ்ர்நூஷ் வேறொருத்தியின் கட்டிலில்தான் படுத்தாள். அது ஃபர்ஸானேயின் அறைத்தோழியுடையது. சனிக்கிழமை அவள் ஈரானிலிருந்து திரும்புகிறாள். அதற்குள் மெஹ்ர்நூஷுக்கு ஓர் அறை கிடைத்தாக வேண்டும்.

ஃபர்ஸானேயும் அவளைப் போலவே ஈரானின் கெர்மான் ஊர்க்காரிதான். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து, "உனக்காக உயிரையே குடுப்பேன்டி, என் வீடு உன் வீடு" என்றாள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கதவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னாள். அந்தப் பெட்டி இன்னும் அங்கேயேதான் இருந்தது.

போன இடத்திலெல்லாம் ஒரே பதில். வெளிநாட்டு மாணவர்களுக்குத் தருவதில்லை. ஓர்னெல்லா என்ற வீட்டுக்கார அம்மாள் மட்டும் வியாழக்கிழமை காலை வந்து பார்க்கச் சொன்னாள். இதுவும் கைநழுவிவிடுமோ என்று பயந்து மெஹ்ர்நூஷ் நேரத்துக்கு முன்பே வாசலில் நின்றாள். பின்னாலேயே மூச்சிரைக்க ஒரு ஸ்பெயின்காரி வந்தாள். பெயர் இட்ஸியார்.

அறை சின்னது. ஜன்னல் வழியே டிராம் கம்பி தெரிந்தது. மெஹ்ர்நூஷ் மனதுக்குள் புத்தகங்களை அடுக்கிவிட்டாள்.

"நீதான் முதல்ல வந்தே. எடுத்துக்கிறியா?" என்றாள் ஓர்னெல்லா.

மெஹ்ர்நூஷின் வாய் அவள் மனம் சொன்னதைக் கேட்கவில்லை. "ஐயோ, பரவாயில்லைங்க. அவங்க பாவம், ஓடி வந்திருக்காங்க. அவங்களே எடுத்துக்கட்டும்."

அவள் ஊரில் கதவருகே இரண்டு பேர் நின்றால் நீங்க முதல்ல, நீங்க முதல்ல என்று உபசாரம் நடக்கும். ஒருவர் வேண்டாம் என்றால் மற்றவர் வற்புறுத்துவார். மறுபடி வேண்டாம் என்பார்கள். மூன்றாவது முறைதான் உண்மையான பதில் வரும். தேநீருக்கும் அப்படித்தான், பழத்துக்கும் அப்படித்தான். மெஹ்ர்நூஷ் சிரித்த முகத்தோடு இரண்டாவது கேள்விக்குக் காத்திருந்தாள்.

"நிஜமாவா? ரொம்ப நல்லவ நீ!" என்று இட்ஸியார் அவள் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் பையைக் கட்டிலில் போட்டாள். ஓர்னெல்லா சாவி எடுக்கப் போனாள்.

"இல்லைங்க, எனக்கும் வேணும்..." என்று மெஹ்ர்நூஷ் முணுமுணுத்தாள். யார் கேட்பார்கள்?

மாலையில் ஃபர்ஸானேயிடம் நடந்ததைச் சொன்னாள். ஃபர்ஸானே முதலில் சிரித்தாள். "லூசு, இவங்ககிட்ட போய் யாராவது உபசாரம் பண்ணுவாங்களா? வேண்டாம்னா வேண்டாம்தான், வேணும்னா வேணும்தான்." பிறகு சனிக்கிழமை வருபவளுக்காகத் துவைத்துக் காய்ந்த படுக்கை விரிப்பை மடித்தபடியே, "கவலைப்படாதே கண்ணு. எங்கயும் போகாதே. இங்கயே இருந்துடு" என்றாள்.

ஒரு முறைதான் சொன்னாள்.

மெஹ்ர்நூஷ் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது இருவருக்குமே தெரியும். இல்லைக்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம், நான் பாத்துக்கிறேன். அதைச் சொன்னால் இரண்டாவது அழைப்பு வராது என்பதும் தெரியும். அந்த மடித்த விரிப்பே சொல்லிற்று. விமான நிலையத்தில் கேட்ட வார்த்தைகளின் எடை எவ்வளவு குறைவு என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. காலையில் அவளிடமிருந்து போன வார்த்தைகளும் அதே எடைதான்.

அவள் கதவுக்குப் பின்னாலிருந்த பெட்டியை இழுத்து நடு அறையில் வைத்துத் திறந்தாள்.

"சரிக்கா," என்றாள். "இருக்கேன்."

ஃபர்ஸானேயின் கை விரிப்பின் மேல் அப்படியே நின்றது. சிரிப்பு மட்டும் முகத்தில் மிச்சமிருந்தது, கழற்ற மறந்துபோனது மாதிரி.