வராமல் போன எச்சரிக்கை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலை. திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ரத்தச் சேமிப்பு அறையிலிருந்து போன். பேசியது, அங்கே இருபது வருடமாக வேலை பார்க்கும் டெக்னீஷியன் அக்கா.

"தம்பி, பாஸ்வேர்டு காலாவதியாயிருச்சுன்னு காட்டுது. புதுசு போட்டா ஏத்துக்க மாட்டேங்குது. நாலஞ்சு தடவ போட்டுப் பாத்தேன், இப்பப் பூட்டிக்கிருச்சு. பிரசவக் கேஸு, ரத்தம் நிக்கல தம்பி."

ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்திருந்த பெண். அவருக்குப் பொருந்தும் ரத்தப் பைகள் எவை என்று முந்தின நாளே பரிசோதித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். பைகளில் ஒட்டும் சீட்டை மட்டும் இனிதான் அச்சடிக்க வேண்டும்; அது இல்லாமல் பையை வெளியே கொடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் அந்த அறைக்கு அக்கா ஒருவர்தான். மறுபடி முதலிலிருந்து பரிசோதித்தால் முக்கால் மணி நேரமாவது ஆகும்.

சர்வர் அறை பின்கட்டடத்தில். ஓடினேன். பிரசவ வார்டு வாசலில் அந்தப் பெண்ணின் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், மிசினு ஓடலன்னு சொல்றாக. எம் பொஞ்சாதிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

கையை விடுவித்துக்கொண்டு ஓடினேன்.

சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். அவசரத்தில் என் பாஸ்வேர்டையே இரண்டு முறை தப்பாக அடித்தேன். மூன்றாவது முறை திறந்தது. அக்காவின் கணக்கைத் திறந்துவிட்டு, தற்காலிகப் பாஸ்வேர்டு ஒன்றை ஒவ்வொரு எழுத்தாகப் போனில் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். பிறகு, "வந்துருச்சு" என்றார். அடுத்து யாரோ ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது.

பதினோரு மணிக்கு ரத்தப்போக்கு நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

அதன் பிறகுதான் விசாரணை. காலாவதியாவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் எச்சரிக்கை வருமே, பார்க்கவில்லையா என்று மேலாளர் அக்காவைக் கேட்டார். எனக்கு வரவே இல்லை என்றார் அக்கா. மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

"வந்திருக்கும்க்கா. அவசரத்துல மூடிருப்பீங்க" என்றேன் நான், கொஞ்சமும் யோசிக்காமல்.

எழுத்தில் விளக்கம் கொடுக்கச் சொல்லி அவரை அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் அக்கா என்னைப் பார்த்து, "நான் பொய் சொல்லல தம்பி" என்றார். அது உறுத்திக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சர்வரைத் திறந்து பார்த்தேன். எத்தனை நாள் முன்பிருந்து எச்சரிக்க வேண்டும் என்ற இடத்தில் பதினான்கு இருக்க வேண்டும். பூஜ்யம் இருந்தது. அப்படியென்றால் யாருக்குமே எச்சரிக்கை வராது. பூஜ்யம் போட்டவன் நான்தான். சில மாதங்களுக்கு முன்பு ஒரு டாக்டர், நோயாளியைப் பார்க்கும்போது இந்த அறிவிப்பு தொந்தரவாக இருக்கிறது என்று சத்தம் போட்டார். நாலு நாளில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் சேர்த்து நிறுத்தினேன். மறந்தே போனேன்.

அறையில் வேறு யாரும் இல்லை. பதினான்கு என்று மாற்றினேன். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுந்து வெளியேயும் வந்துவிட்டேன்.

ரத்தச் சேமிப்பு அறையைத் தாண்டும்போது அக்கா எழுதிக்கொண்டிருந்தார். 'எனது கவனக்குறைவினால்' என்பது வரை வந்திருந்தது. அதற்கு மேல் என்னால் நடக்க முடியவில்லை. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, நடந்ததை முதலில் அவரிடம் சொன்னேன்.

"காலையிலயே தெரியுமா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, இப்பத்தான் பாத்தேன்."

எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மேலாளரிடம் போய் ஒப்புக்கொண்டேன். மெமோ எனக்கு வந்தது. அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அவர் அந்தத் தாளை எழுதி முடித்துக் கொடுத்த பிறகு நான் அந்த வழியாக வந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். திறந்திருப்பேன் என்று நிச்சயமாகச் சொல்ல இன்றுவரை என்னால் முடியவில்லை.